விட்டுப் பிடிக்கும் வீரம்

தொடங்கிய ஒன்றைப் பாதியில் விட்டுத் திரும்புவது கோழைத்தனமா, அறிவுடைமையா? இந்தக் கேள்வி நம் முன் வைக்கப்பட்ட இடம் சொற்பொழிவு மேடை அன்று. திண்டிவனத்தில், நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு குடும்பத்தின் திண்ணை. மஃரிபுத் தொழுகை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளை. கேட்டவர் எண்பது வயதை எட்டிவிட்ட பெரியவர். கேள்விக்குக் காரணமானவன் அவருடைய பேரன்.

அந்த இளைஞன் சென்னையில் பணிபுரிகிறான். மாலை வேளைகளில் சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகி வந்தான். வேலை முடிந்து வருகின்ற பழகுநர்கள் கிழமைக்கு ஒருநாள் தமக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். கோப்பையும் கிடையாது, பணமும் கிடையாது. நீரில் மிதக்கும் மூன்று மிதவைகளைச் சுற்றிவிட்டு வரவேண்டும். முதலில் வந்தவனுக்கு மற்றவர்கள் தேநீர் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. படகில் இருவர் இருப்பர். சுக்கானும் பெரும்பாயின் கயிறும் ஒருவன் கையில். முன்பாயின் கயிறு மற்றவன் கையில்.

சென்ற ஆண்டு கோடையில் ஒரு மாலை அவனோடு படகில் இருந்தவன் பதினான்கு வயதுச் சிறுவன்; அவனுடைய நண்பரின் தம்பி. கோடைநாளில் நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்று அன்று வழக்கத்துக்கு மாறாக மாலையிலும் ஓயவில்லை. நேரம் ஆக ஆக வலுத்தது. இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது படகு இருமுறை பக்கவாட்டில் சாய்ந்து நீரை மொண்டது. சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அவன் கைகள் நடுங்கியதை இளைஞன் கண்டான். பெரும்பாயை இறக்கினான், முன்பாயை மட்டும் வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினான். புறப்பட்ட ஏழு படகுகளில் ஆறு பந்தயத்தை முடித்தன.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது செய்தி முன்னமே வந்து சேர்ந்திருந்தது. “தேநீர்ப் பந்தயத்திலேயே திரும்பி வந்தவன்” என்று மைத்துனர்கள் கேலி பேசினர். பெரியவர் கேலி பேசவில்லை. அவர் மனம் நொந்திருந்தார். “நம் முன்னோர் மரக்கலம் ஏறி மலாக்கா வரைக்கும் போனவர்கள். காற்று அடிக்கிறது என்று அவர்கள் திரும்பியிருந்தால் நாம் இந்தக் கரையில் ஏது? நீங்களே சொல்லுங்கள், இவன் செய்தது சரியா?” என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். இளைஞன் தலைகுனிந்து நின்றான்.

நாம் பெரியவரின் பக்கமே பேசினோம். தொடங்கியதை முடிப்பதே ஆண்மை என்றோம். அச்சத்தை ஒருமுறை தலைவணங்கினால் அது மறுமுறையும் கேட்கும் என்றோம். பேசி முடித்துவிட்டு விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினோம். நாம் சொன்னது தவறு என்று உணர்வதற்குச் சில கிழமைகள் ஆயின. அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

திண்டிவனம் கடலைக் காணாத ஊர் என்றாலும் கடலை அறியாத ஊர் அன்று. இன்றைய திண்டிவனத்தின் பகுதியாகிய கிடங்கில், ஓய்மாநாட்டின் தலைநகராய் விளங்கியது. அந்நாட்டின் துறைமுகமாகச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்னும் பயண நூலில் காணும் ‘சோபட்மா’ என்ற துறையும் இதுவே என்பர். இன்று அங்கே உப்பளங்களும் மீனவர் குடியிருப்புகளுமே உள்ளன.

ஒரு திருமணப் பேச்சின் பொருட்டு நாம் மரக்காணம் செல்ல நேர்ந்தது. வேலை முடிந்து கரைப்பக்கம் நடந்தபோது, வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு முதிய மீனவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இளமையில் கட்டுமரத்தில் பாய்விரித்து ஓடியவர் அவர். இப்போது கரையில் நிற்பவை எல்லாம் எந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள். பாயைக் கையாளத் தெரிந்தவர்கள் முதியவர்களே. பலத்த காற்றில் பாயை எவ்வாறு அடக்குவீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“காத்தை அடக்கினவன் எவன் இருக்கான், பாய்? விட்டுப் பிடிக்கணும். கயித்தை இறுக்கிப் பிடிச்சவன் கடலுக்குள்ளே போவான். விட்டுப் பிடிச்சவன் வீட்டுக்கு வருவான்.”

விட்டுப் பிடித்தல் என்னும் சொல்லை நாம் பிள்ளை வளர்ப்பிலும் வாணிகத்திலும் அன்றாடம் வழங்குகிறோம். அதற்குள் இத்தனை நுட்பமான ஒரு தொழில் அடங்கியிருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். ஊர் திரும்பியதும் அந்த இளைஞனுக்குத் தொலைபேசியில் பேசி, காற்றைப் பற்றிச் சொல்லித் தரும்படி கேட்டோம். அவன் சற்றுத் தயங்கிப் பின் விரிவாகவே சொன்னான்.

காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, ‘கொஞ்சம்தானே கூடியிருக்கிறது’ என்று எண்ணுபவன் ஏமாறுவான். திடீரென வலுத்த காற்று மோதும்போது படகு சாயும். அப்போது பழகாதவன் கை தன்னையறியாமல் கயிற்றை இன்னும் இறுக்கும்; விழப்போகிறவன் எதையாவது பற்றிக்கொள்வது இயல்பல்லவா? ஆனால் இறுக்கிய பாய் முழுக்காற்றையும் வாங்கிப் படகைக் கவிழ்த்துவிடும். பழகியவன் செய்வன மூன்று. உடலைக் காற்று வரும் பக்கத்து விளிம்புக்கு வெளியே சாய்த்து எடையால் ஈடுகொடுப்பான். கயிற்றை ஒரு சாண் நெகிழவிட்டுக் காற்றை வழியவிடுவான். படகின் முகத்தைக் காற்றை நோக்கிச் சற்றே திருப்புவான். வேகக் காற்று கடந்ததும் விட்ட கயிற்றை மீண்டும் இழுத்துக்கொள்வான். இவை போதாத அளவுக்குக் காற்று வலுத்தால் பாயின் பரப்பையே குறைக்க வேண்டும். அதையும் காற்று முற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். முற்றிய பிறகு செய்யக் கையும் வராது, நேரமும் இராது.

இது அச்சத்தின் பாடம் அன்று. கடலோடிகளின் அளவுகோலே இதுதான். இன்று உலகமெங்கும் காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவை, 1805ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபோர்ட் வகுக்கத் தொடங்கியது. அவர் காற்றின் வேகத்தை எண்ணால் அளக்கவில்லை. இந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் தாங்கும், எதையெதை இறக்கிவிட வேண்டும் என்பதைக் கொண்டே அதைத் தரம் பிரித்தார். கடைசிப் படியாகிய பன்னிரண்டில் எந்தப் பாயும் நில்லாது. இலங்கைக் கரையின் பழைய கடலோடிகளோ காற்றை ஆளைக் கொண்டு அளந்தனர். படகின் புறக்கட்டையின்மேல் ஒருவன் ஏறி நின்று ஈடுகொடுக்க வேண்டுமாயின் அது ஓராள் காற்று. இருவர் வேண்டுமாயின் ஈராள் காற்று. ஒரு கணக்கில் பாய், மற்றொரு கணக்கில் மனிதன். காற்றைத் தனியே அளப்பதில்லை; அதைத் தாங்கும் நம் ஆற்றலோடு சேர்த்தே அளக்கிறார்கள்.

நம் இளைஞனின் படகில் ஈடுகொடுக்க இருந்தவர் இருவர். அவர்களுள் ஒருவன் நடுங்கும் கைகளையுடைய சிறுவன். அன்று வீசியது ஈராள் காற்று எனின், அவனிடம் இருந்தது ஒன்றரை ஆள். இந்தக் கணக்கை அவன் சரியாகப் போட்டான். திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன நாம் போடவில்லை.

முன்னோரைப் பற்றிப் பெரியவர் சொன்னதையும் எண்ணிப் பார்த்தோம். மரக்காயர்கள் மரக்கலம் ஓட்டிய வரலாறு நம் பெருமை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெருமை எதனால் வந்தது? மாலுமி என்னும் சொல்லே ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. அதன் பொருள் ஆசிரியர். சுக்கானும் அரபு மொழி தந்த சொல்லே. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் என்னும் பெரும் மாலுமி எழுதிய கடற்பயண நூலில், எந்தத் துறையிலிருந்து எந்த நாள்களில் புறப்படலாம், எப்போது புறப்படலாகாது என்னும் கணக்குக்கே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று முழு வலிமையோடு வீசும் சூன், சூலைத் திங்கள்களில் மேற்குக்கரைத் துறைகள் பாய்க்கப்பல்களுக்கு மூடிக்கிடந்தன. அக்காலத்து வணிகர் திங்கள்கணக்கில் அயல்நாட்டுக் கரைகளில் காத்திருந்தனர். கடல் கடந்தவர்கள் காத்திருக்கத் தெரிந்தவர்கள். காத்திருக்கத் தெரியாதவர்களின் வழித்தோன்றல்கள் இன்று திண்ணையில் அமர்ந்து பெருமை பேச எஞ்சியிருக்கமாட்டார்கள்.

நம் கரையும் இதற்குச் சான்று. 1761 சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலப் போர்க்கப்பல்களைப் புயல் தாக்கியது. பல கப்பல்கள் அழிந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பீரங்கிகளுக்கு அஞ்சாதவர்கள் அவர்கள். காற்று அவர்களுடைய வீரத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை. நாம் கண்ணால் கண்டதும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் நீரில் மூழ்கின. அதற்கு முன்பே, கடலுக்குப் போகலாகாது என்ற எச்சரிக்கை மீனவர்களுக்கு வந்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டுப் படகைக் கரையேற்றியவனை எவரேனும் கோழை என்றோமா? இல்லை. அந்த நீதியைத் தேநீர்ப் பந்தயத்திலிருந்து திரும்பிய ஓர் இளைஞனுக்கு மட்டும் ஏன் மறுத்தோம்?

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘காற்று வலுத்தால் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் எதில்தான் ஊன்றி நிற்பார்கள்? ஒவ்வோர் அச்சமும் தன்னை அறிவு என்று சொல்லிக்கொள்ளாதா?’ இந்த மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அச்சம் மாறுவேடம் போடுவதில் தேர்ந்தது. தேர்வுக்கு அஞ்சிப் படிப்பை விட்டவனும், உழைப்புக்கு அஞ்சித் தொழிலை விட்டவனும் தம்மை முன்யோசனைக்காரர் என்றே சொல்லிக்கொள்வார்கள். ஆகவே வேடத்தைக் களைய ஓர் அடையாளம் வேண்டும். நமக்குத் தோன்றும் அடையாளங்கள் மூன்று.

முதலாவது, எல்லையை எப்போது வகுத்தோம் என்பது. இவ்வளவு காற்றுக்குமேல் போவதில்லை என்று கரையில், தெளிந்த மனத்தோடு வகுத்த எல்லை அறிவின் எல்லை. நடுக்கடலில் நெஞ்சு படபடக்கும்போது வகுப்பது பெரும்பாலும் அச்சத்தின் எல்லை. இரண்டாவது, கயிற்றை எப்படி விட்டோம் என்பது. அஞ்சியவன் கயிற்றை எறிந்துவிடுவான். அறிந்தவன் ஒரு சாண் நெகிழ்த்துவான், நுனியைக் கையை விட்டுப் போகவிடமாட்டான். நம் இளைஞன் முன்பாயை வைத்துக்கொண்டு தானே கரை சேர்ந்தான். வேறொருவர் வந்து இழுத்துப்போகக் காத்திருக்கவில்லை. மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரிது: மறுபடியும் போனோமா என்பது. அச்சம் ஒருமுறை திரும்பினால் திரும்பியதே. அறிவு காற்று தணிந்ததும் மீண்டும் புறப்படும்.

இவற்றுக்கு மேலாக ஒன்று உண்டு. நாம் சொல்ல வந்ததன் கருவே அதுதான். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதைப் பற்றி வாதிடலாம். பிறர் உயிரைப் பணயம் வைத்துத் தன் வீரத்தைக் காட்ட அவனுக்கு எள்ளளவும் உரிமை கிடையாது. படகில் உடன் ஏறியவன் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளை வைத்து எவரும் வாணிகம் செய்வதில்லை. அமானித உயிரை வைத்துப் பந்தயம் ஓடலாமா? அந்தச் சிறுவன் வாய்திறந்து ‘திரும்பலாம்’ என்று சொல்லவில்லை. சிறுவர்கள் சொல்லமாட்டார்கள்; மூத்தவனிடம் கோழை என்று பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்? சொல்லாத சொல்லைக் கைகளின் நடுக்கத்தில் படித்துக்கொள்வது சுக்கான் பிடித்தவனின் கடமை.

பந்தயத்தின் அறமும் இதுவே. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியை அடுத்த கடற்கரை ஊர்களில் இன்றும் திருவிழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடைபெறுகிறது. பாக்குநீரிணைப் பகுதிக்குரிய பழைய படகுகளில் காற்று வரும் பக்கமாகப் பலகையொன்றைக் குறுக்கே நீட்டி, அதன்மேல் ஆள்கள் ஏறி நின்று படகைக் கவிழாமல் காப்பது மரபு. பலகையின் நுனியில் நிற்பவன் தன் உயிரைச் சுக்கான் பிடித்தவனின் கையில் கொடுத்துவிட்டே அங்கு நிற்கிறான். அனைத்துலகப் பாய்ப்படகுப் பந்தய விதிகளும் இதை மறக்கவில்லை. பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்னும் முடிவின் பொறுப்பு அந்தந்தப் படகையே சாரும் என்று ஒரு விதி கூறும். ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்தாக வேண்டும் என்பது முதல் விதியாகவே வைக்கப்பட்டுள்ளது. வெல்வதற்கான விதிகள் பிறகே வருகின்றன.

அந்த முதல் விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1988 செப்டம்பர் 24 அன்று, சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டி தென்கொரியாவின் பூசான் கடலில் நடந்தது. காற்று கடுமையாக வீசியது. கனடா நாட்டு வீரர் லாரன்ஸ் லெமியூ தம் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தார். வேறொரு பந்தயத்தில் ஓடிய சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்து அவர்கள் நீரில் தத்தளிப்பதைக் கண்டார். தம் வழியை விட்டுத் திரும்பினார், இருவரையும் காத்தார், மீட்புப் படகு வரும்வரை அவர்களோடு இருந்தார், அதன் பின்பே தம் பந்தயத்தைத் தொடர்ந்தார். பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. நடுவர்கள் அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கினர். ஒலிம்பிக் குழு பியேர் தெ குபெர்த்தன் பெயரிலான பதக்கத்தை அளித்துச் சிறப்பித்தது. அந்த ஆண்டு அவருடைய பிரிவில் தங்கம் வென்றவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? திரும்பியவரின் பெயர் நிலைத்துவிட்டது.

இனி நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று திண்ணையில் நாம் ஏன் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொன்னோம்? பல ஆண்டுகளுக்கு முன் விழுப்புரத்தில் நாம் ஒரு சிறு புத்தகக் கடை நடத்தினோம். இரண்டாம் ஆண்டிலேயே அது நிலைக்காது என்று தெரிந்துவிட்டது. மூடினால் ஊர் என்ன சொல்லும் என்று எண்ணி, மேலும் மூன்றாண்டுகள் கடனில் ஓட்டினோம். அந்த மூன்றாண்டுகளில் நம் துணைவியாரின் நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் ஒருநாளும் வாய்திறந்து ‘போதும்’ என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தை நாம் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டோம். இன்று நினைத்துப் பார்க்கையில், அவர் கைகளும் நடுங்கியிருக்கும், நாம்தான் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்த நம் பிடிவாதத்துக்கு ஊன்றி நிற்றல் என்று பெயர் சூட்டி வைத்திருந்தோம். அந்தப் பெயரைக் காப்பாற்றவே அன்று ஓர் இளைஞனைத் தலைகுனிய வைத்தோம்.

இல்லறமும் ஒரு படகுதான். அதில் தனியே செல்பவர் எவரும் இல்லை. மகனின் படிப்பிலும் மகளின் திருமணத்திலும் கடன் வாங்கும் துணிவிலும் தலைவன் விரிக்கும் ஒவ்வொரு பாய்க்கும் ஈடுகொடுத்து விளிம்பில் அமர்ந்திருப்பவர் வேறொருவர். எத்தனை ஆள் காற்று இது, எத்தனை ஆள் நம்மிடம் உண்டு என்று அவரைக் கேட்டுக்கொண்டே பாய்விரிப்பது பலவீனம் ஆகாது.

அண்மையில் மீண்டும் திண்டிவனம் சென்றோம். அதே திண்ணை, இளைஞனும் விடுமுறைக்கு வந்திருந்தான். நாம் முன்பு சொன்னது பிழை என்று பெரியவரிடம் அவன் முன்னிலையிலேயே கூறினோம். மரக்காணத்து முதியவர் சொன்னதையும், நம் கடையின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. பின்னர்ப் பேரனைப் பார்த்து, “அந்தப் பையன் அதற்குப் பிறகு படகில் ஏறினானா?” என்று கேட்டார்.

“ஏறினான், நன்னா. அடுத்த வாரமே ஏறினான். நானும் அவனும்தான் போனோம். அன்று காற்று கம்மி.”

“எத்தனையாவதாக வந்தீர்கள்?”

“ஏழு படகில் ஐந்தாவது.”

பெரியவர் தம் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். “நிற்காதே, வந்து உட்கார்” என்றார். பிறகு உள்ளே குரல் கொடுத்து, அவனுக்குச் சூடாக ஒரு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.